பின் அச்சில் ஏறியவர்கள்

கண்ணால் பார்த்தே மூட்டையின் எடையைச் சொல்லிவிடுவான் என்று நாகப்பட்டினம் கூட்ஸ் ஷெட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தக் கர்வத்தையும் ஒரு தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டுதான் மலாக்காவில் போய் இறங்கினேன். பெட்டி பத்திரமாகத் திரும்பி வந்தது.

போனது அக்காவை அழைத்து வருவதற்கு. அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. பார்வை முழுக்கப் போவதற்குள் மகளை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று அரற்றிக்கொண்டிருந்தாள். "கையோட கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லி, அக்காவுக்காக ஒரு பச்சைக் கூறைநாட்டுப் புடவையைக் கொடுத்தாள். கோபுரக் கரை போட்டது. கரையை விரலால் தடவிப் பார்த்துத்தான் அதை மடித்தாள்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். தோட்டங்களில் ஆட்களைக் கணக்குத் தீர்த்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம்மவர்கள் எல்லாம் திரும்பி வருகிற நேரத்தில் நான் ஒருத்தன் எதிர்த்திசையில் போனேன். கப்பலில் கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தது. அது ஒன்றுதான் சௌகரியம்.

மலாக்காவில் கடற்கரைச் சாலை ஓரமாக அத்தான் தன் வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். அத்தான் தையல்காரர். தோட்டம் தோட்டமாகப் போய்த் துணி தைத்துக் கொடுப்பதற்காக, ஓடித் தேய்ந்த ஒரு பஸ்ஸை வாங்கி உள்ளே இருந்த பலகை இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் குடித்தனம் வைத்திருந்தார். இரண்டு தையல் மிஷின்கள், துணிக்கட்டுகள், கரி போடும் இஸ்திரிப் பெட்டி, தண்ணீர்ப் பீப்பாய், அடுப்பு, குறுக்கே ஒரு கட்டில். ஜன்னல்களுக்குக் கித்தான் திரை. பின்புறம் ஒரு படி. படிக்குக் கீழே, வண்டியின் அடியில், பூட்டுப் போட்ட ஒரு நீளப் பெட்டி.

அக்கா இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "எப்படா கப்பல் திரும்புது?" என்று கேட்டாள். பத்து வருஷம் கழித்துப் பார்க்கிற தம்பியிடம் கேட்கிற முதல் கேள்வியா இது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். புடவையைக் கொடுத்தேன். முகத்தில் வைத்து மோந்து பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

எனக்கு வண்டியைப் பார்த்ததுமே ஒன்று உறுத்தியது. பின்பக்கம் உட்கார்ந்துவிட்டிருந்தது. பின்சக்கரங்களின் மேலே இருக்கிற வில் தகடுகள் வளைவு போய் நேராகக் கிடந்தன. உள்ளே இருக்கிற சாமான்களுக்கு இவ்வளவு பணிவு ஆகாது. சொன்னேன்.

"அதான் இப்ப தலவலியே மச்சான்" என்றார் அத்தான். "வர்ற வாரம் ஜாசின்ல வண்டி சோதிக்கிற துரை வர்றாரு. பின் அச்சுல இவ்வளவு பாரத்துக்கு மேல இருந்தா லைசென்ஸ் கிடையாதுன்னுட்டாரு. வண்டி நின்னுச்சுன்னா எங்க பொழப்பும் நின்னுச்சு லா."

அக்கா சோறு போட்டுக்கொண்டே இடைமறித்தாள். "வண்டி பாஸாகலைன்னா நான் உன்னோட வந்துடறேன் தம்பி. அவரும் சம்மதிச்சுட்டாரு. பாஸாயிடுச்சுன்னா இங்கதான். அம்மாகிட்ட நீதான் சொல்லிக்கணும்."

நெத்திலிக் கருவாட்டுச் சம்பாலோடு சுடுசோறு. நாக்கு எரிந்தது. ஊரில் சம்பால் கிடையாது. காரம் என்றால் குழம்பில் கரைந்து வரும், இப்படிக் குவியலாக வந்து உட்காராது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே நான் அந்தப் பந்தயத்தை யோசித்தேன். எடை பார்க்கிறவன் என்பதால் என் உதவியைத்தான் அத்தான் எதிர்பார்க்கிறார். உதவி பலித்தால் அக்கா வரமாட்டாள். சரி, முயற்சி செய்வோம், பலிக்காமல் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

மறுநாள் காலை புக்கிட் காத்தில் பக்கம் ஒரு தோட்டம். ரப்பர்ப் பால்மரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நீளமான சந்து, அதன் கோடியில் இன்னும் மரங்கள். பட்டப்பகலில் விளக்கு ஏற்றவேண்டிய இருட்டு. நம் தஞ்சாவூர்ச் சீமையில் மரத்தடி என்றால் அங்கே நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். இங்கே பேச்சுச் சத்தமே இல்லை.

அக்கா அடுப்பை இறக்கியதும் முதல் பிடி சோற்றை உருட்டிப் பின்படியில் வைத்தாள். காக்கைக்கு என்று எண்ணினேன். காக்கை எதுவும் வரவில்லை.

ரவிக்கை தைக்கக் கொடுக்க, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து பெண்கள் வந்தார்கள். அளவு கொடுத்தார்கள், துணியைக் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியும் வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ச் சற்று நேரம் நின்றாள். திரும்பும்போது வண்டிக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வந்தாள். கோயிலில் சந்நிதியை விட்டு வருகிற மாதிரி. என்னிடம் வந்ததும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

"தம்பி எப்பங்க ஊருக்குக் கப்பல் ஏறுறீங்க?"

சொந்த ஊர் எது, என்ன வேலை, கல்யாணம் ஆயிற்றா என்று யாரும் கேட்கவில்லை. நம் ஆட்கள் கேட்காமல் விடுகிற கேள்விகளா அவை? அந்த வாரம் முழுக்க, போன தோட்டத்திலெல்லாம், இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். என்னை யாரோ எல்லோருக்கும் முன்கூட்டியே அறிமுகம் செய்து வைத்திருந்தது போலிருந்தது.

ஜாசினில் ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், ரப்பர்க் கிடங்கு இருந்தது. மாட்டுவண்டியை அப்படியே ஏற்றி எடை பார்க்கிற பலகைத் தராசு அங்கே உண்டு. பஸ் முழுதாக ஏறாது. முன்சக்கரங்களை ஏற்றி ஓர் எடை, பிறகு பின்சக்கரங்களை ஏற்றி ஓர் எடை. நமக்கு மணங்கும் அந்தரும் போல அவர்களுக்குப் பிக்குல். ஓர் ஆள் எடை என்று வைத்துக்கொள்ளலாம். பின் அச்சில், துரை சொன்ன அளவுக்கு மேலே மூன்று பிக்குல் இருந்தது.

நான் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினேன். தண்ணீர்ப் பீப்பாயை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தள்ளினோம். மிஷின்களை முன்னே கொண்டுவந்தோம். கட்டிலை அறுத்துக் குட்டையாக்கினோம். கூரைமேல் இருந்ததையெல்லாம் இறக்கினோம். இறக்கிய ஒவ்வொன்றையும் சின்னத் தராசில் தனித்தனியாக நிறுத்தேன். எல்லாவற்றையும் கூட்டி, லைசென்ஸில் போட்டிருந்த வெறும் வண்டியின் எடையையும் சேர்த்தால், தராசு காட்டுகிற எடை வரவேண்டும். வரவில்லை. இரண்டு பிக்குல் எடை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

அதைவிட விசித்திரம், முன் அச்சில் இருக்கவேண்டிய எடை குறைந்திருந்தது. இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். பின்சக்கரத்தையும் தாண்டி, வாலில் ஏதோ தொங்குகிறது. அப்படித் தொங்குகிற பாரம் தன் எடைக்கும் அதிகமாகப் பின் அச்சை அழுத்தும். ஏற்றக்கோல் போல முன்பக்கத்தைத் தூக்கும். இரண்டு பிக்குல் மூன்றாகத் தெரிவது அதனால்தான்.

"பின்னால அந்தப் பெட்டியில என்ன அத்தான்?"

"ஜாக்கியும் சங்கிலியும்" என்று சொல்லிவிட்டு அத்தான் பீடி பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார். "சாவி உங்க அக்காகிட்ட."

தராசுக்குப் பக்கத்தில் நின்ற தவுக்கே மலாயில் ஏதோ சொன்னார். அத்தான் பெயர்த்துச் சொல்லத் தயங்கினார். வற்புறுத்தியதும் சொன்னார்: "வண்டியில ஆளுங்க இருக்காங்க, இறங்கச் சொல்லுங்கறாரு."

எல்லோரும் இறங்கியாயிற்று என்று கையைக் காட்டினேன். தவுக்கே என்னைப் பார்க்கவில்லை. வண்டியின் வாலைப் பார்த்தபடி அதையே மறுபடி சொன்னார்.

எதிரே ஒரு ராவுத்தர் சாப்பாட்டுக் கடை. ரொட்டியும் பருப்புக் குழம்பும், பாகு போல் கெட்டியான டப்பாப் பால் ஊற்றிய காபியும். காபி நம் ஊர்க் காபியைவிட இரண்டு மடங்கு இனிப்பு, நாலு மடங்கு கறுப்பு. இலையைத் தூக்கிக்கொண்டு வந்து பின்படியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். ராவுத்தர் கடையை விட்டு இறங்கி வேகமாக வந்தார்.

"தம்பி, அங்க உக்காந்து திங்காதீங்க. முன்னால வாங்க."

"ஏன் பாய்?"

"அவங்க பாத்துக்கிட்டு இருக்கப்ப நாம திங்கலாமா" என்றார். நான் இலையோடு எழுந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் சுங்கை ரம்பாய்ச் சாலை. வளைவுகளில் அத்தான் சக்கரத்தைத் திருப்பினால் வண்டி உடனே திரும்பாது. சற்று நேரம் நேராகப் போய், பிறகு மனசில்லாமல் திரும்பும். யாரோ பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுக்கிற மாதிரி. முன்சக்கரம் தரையில் சரியாகப் பதியாததால் வருகிற கோளாறு அது. காரணம் தெரிந்திருந்தும் நான் திரும்பித் திரும்பிப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேட்டில் ஏறும்போது அடியில் ஒரு சத்தம் வேறு. கூழாங்கற்கள் உரசுகிற சத்தம். அது கேட்டால் அத்தானும் அக்காவும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நின்றதும் மறுபடி தொடர்வார்கள்.

சுங்கை ரம்பாய்க்கு முன்னால் ஒரு தோட்டத்துக்குள் போக ஓடையின்மேல் மரப்பாலம். மழை பெய்து ஓடை நிரம்பியிருந்தது. நானும் அக்காவும் இறங்கிக்கொண்டோம். அத்தான் மட்டும் வண்டியைப் பாலத்தில் ஏற்றினார். முன்சக்கரங்கள் சுமுகமாகப் போயின. பின்சக்கரம் முதல் பலகையில் ஏறியதும் பலகை முறிந்தது.

வண்டியின் வால் கரையை நோக்கித் தாழ்ந்தது. முன்பக்கம் மெதுவாகத் தூக்கிக்கொண்டு பலகையை விட்டு எழுந்து நின்றது. அந்த நிலையிலேயே ஓடைப் பக்கமாக அங்குலம் அங்குலமாகச் சரிந்தது. அத்தான் இருக்கையிலிருந்து எழவில்லை. அவர் உடம்பின் எடை ஒன்றுதான் முன்பக்கத்தை இன்னும் மேலே போகவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் குதித்தால் வண்டி ஓடையில். பாலத்தின் அகலம் முழுக்க வண்டியே அடைத்துக்கொண்டிருந்ததால் முன்பக்கம் போய் யாரும் ஏறவும் வழியில்லை.

வாலில் இருந்த பெட்டியின் பூட்டு தெறித்தது. மூடி திறந்து தொங்கியது.

மரங்களுக்கு இடையிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். யாரும் கத்தவில்லை. பால் வாளியை அங்கங்கே வைத்துவிட்டு வந்து, பெட்டியின் வாய்க்கு நேரே முந்தானையை விரித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே கிழிந்த புடவைத் துணியிலும் வேட்டித் துணியிலும் சுற்றிய முடிச்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, பெட்டி நிறைய. ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது. உள்ளே கைக்கு அடக்கமான ஒரு கல். மேலே காய்ந்த மஞ்சள்.

கருமாதிக் கல். செத்தவரைக் கல்லாக ஊன்றி, தண்ணீர் விட்டுச் சோறு வைத்து, காரியம் முடிந்ததும் எடுத்துத் தண்ணீரில் விடுவோமே, அது.

"இந்தத் தண்ணியில விட்டா செத்தவங்க இங்கயே நின்னுடுவாங்க, ஊர் போய்ச் சேர மாட்டாங்கன்னு இவங்களுக்கு நம்பிக்கை" என்றாள் அக்கா. "ஊருக்குப் போனவங்க அவங்கவங்க கல்ல எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இது கொண்டுபோக ஆளில்லாதவங்க. முதல்ல ஒருத்தி குடுத்தா, வாங்கி வச்சேன். அப்புறம் எல்லாத் தோட்டத்துலயும் குடுத்தாங்க. எடுத்த கல்லத் தரையில வைக்கக் கூடாது தம்பி. நாங்கதான் ஓடிக்கிட்டே இருக்கமே, அதனால எங்க வண்டி."

"அத்தானுக்கு ஆபத்து. முதல்ல எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு அக்கா."

"ஏறினவங்க இறங்கினா மறுபடி ஏற மாட்டாங்க. அடுத்தது கப்பல்தான். கொண்டு போறேன்னு நீ சொன்னாத்தான் இவங்க கை வைப்பாங்க." என் கையைப் பிடித்தாள். "வேணாம்னா சொல்லிடு. அவரக் குதிக்கச் சொல்றேன். வண்டி போவட்டும். சொன்ன சொல் மாற மாட்டேன், உன்னோட வந்துடறேன். ஆனா பெட்டிக்குள்ள இருக்கவங்க அந்தத் தண்ணியோட தங்கிடுவாங்க."

நான் வாய் திறக்காமல் இருந்தால் போதும். வண்டி தானாகவே போய்விடும். அக்கா கிடைத்துவிடுவாள். அம்மாவின் விரல்கள் புடவைக் கரையைத் தடவியது கண்ணில் நின்றது. பக்கத்தில் முந்தானையை விரித்து நின்றவளிடம், ஏன் கேட்டேன் என்று தெரியாது, "உள்ள யாரும்மா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரருங்க" என்றாள். "ரொம்ப நாளா காத்திருக்காரு."

"கொண்டு போறேன்" என்று சொன்னேன்.

அப்புறம் நடந்தது நான் உலகத்தில் பார்த்த எந்த எடைபோடலையும் போல இல்லை. ஒவ்வொரு முடிச்சாகக் கைமாறிப் போயிற்று. ஒவ்வொன்றும் போகப் போக வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. கடைசி முடிச்சு எடுபட்டதும் முன்சக்கரங்கள் சத்தமில்லாமல் பலகைமேல் உட்கார்ந்தன. அத்தான் வண்டியை முன்னே எடுத்தார். முறிந்த பலகையைத் தாண்டி அது லேசாக ஏறிப் போயிற்று. அதற்குள் வேலையை விட்டு ஆண்களும் வந்துவிட்டார்கள். எல்லோரும் ஆளுக்கொரு கல்லைக் கையில் ஏந்திக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்கள்.

என் கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது. அதுவரை கல்லைக் கீழே வைக்க முடியாதே. பழைய புடவைகளைக் கிழித்துப் பால்மரங்களில் தூளி கட்டினார்கள். மறுநாள் காலையில் பார்த்தேன். மரத்துக்கு மரம் தூளி தொங்கியது. பால் வெட்டப் போகிற பெண்கள் போகிற போக்கில் ஒவ்வொன்றையும் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார்கள். காற்றே இல்லாத அந்த இருட்டுக்குள் வரிசை வரிசையாகத் தூளிகள் ஆடிக்கொண்டிருந்தன. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வண்டிக்குள் போய்க் கித்தானை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஜாசினில் துரை எடை பார்த்தார். முன் அச்சு சரி, பின் அச்சு சரி. வண்டியின் வில் தகடுகள் நன்றாக வளைந்து நின்றன. "நல்ல சமநிலை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஆனால் வேறு காரணத்துக்கு.

"நீயும் வா அக்கா. அத்தான் வண்டியப் பாத்துக்குவாரு. ஒரே மாசம்."

"நான் வந்துட்டா அடுத்த கல்ல யாருடா வாங்குவா?" என்றாள்.

கப்பலேறுகிற அன்று துறையில் கூட்டம். தோட்டத்து ஆட்கள் கைக்குக் கை மாற்றிக் கற்களைச் சாக்குகளில் போட்டார்கள். சாக்குகளைத் தரையில் படாமல் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என்னை யாரும் வழியனுப்பவில்லை. எல்லோரும் சாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சிலர் அதனிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார்கள். மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர், இவர்கள் யாரை அனுப்ப வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். சொந்தக்காரர்களை என்றார் அத்தான்.

கடைசியாக அக்கா வந்தாள். அவள் கையிலும் ஒரு முடிச்சு. பச்சைக் கூறைநாட்டுப் புடவையின் கரையைக் கிழித்துச் சுற்றியது.

"இது யாருது?" என்றேன்.

"என்னுது" என்றாள். "நான் போன பின்னாடி யாரு வந்து எடுத்துக்கிட்டுப் போவப் போறா? நீ வந்திருக்கப்பவே குடுத்துடறேன்."

வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டேன். அழுதேன்கூட. தரையில் வைக்கக் கூடாது என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என் கையில் திணித்துவிட்டாள்.

சாக்குகளை டெக்கில் கூரைக் கம்பியில் தொங்கவிட்டேன். அவற்றின் கீழே யாரும் படுக்கவில்லை. ஏன் என்று யாருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் தள்ளி நிற்க, படகில் ஏறினேன். நடுவழியில் படகோட்டியை நிறுத்தச் சொல்லி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துத் தண்ணீரில் விட்டேன். யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. வந்து சேர்ந்தாயிற்று என்று மட்டும் ஒவ்வொன்றிடமும் சொன்னேன். படகோட்டி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார்.

"எல்லாரும் இறங்கியாச்சா?" என்றார்.

"ஒருத்தர் இருக்காங்க" என்றேன்.

அதை மட்டும் விட முடியவில்லை. கீழே வைக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே அதை ஏந்திக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா வாசலில் நின்றாள். என் காலடிச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு காலடிச் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். வைத்தேன். விரல்கள் கரையைத் தடவின, கோபுரத்தைக் கண்டுபிடித்தன, நின்றன. கல்லைக் கையில் ஏந்தி மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

கூட்ஸ் ஷெட்டில் எடை சொல்கிறவன் நான். அக்காவிடமிருந்து இன்னும் கடிதம் வருகிறது, வண்டி நன்றாக ஓடுகிறதாம். கல் எங்கள் அடுக்களையில் உறியில் தொங்குகிறது. காலையில் அடுப்பை இறக்கியதும் அம்மா முதல் பிடி சோற்றை உருட்டி அதற்கு நேர் கீழே வைக்கிறாள்.